கதையும் மலைவும்

அணியிலக்கணம் வகுத்தோர் செய்யுளுக்கு ஆகாதன என விலக்கிய வழுக்களுள் மலைவு என்பதும் ஒன்று. இடம், காலம், கலை, உலகம், நியாயம், ஆகமம் என்னும் ஆறனுள் ஒன்றற்கு மாறுபடக் கூறுதலே மலைவு. தண்டியலங்காரத்துச் சொல்லணியியலில் மடக்குக்கும் சித்திரகவிக்கும் பின்னே ஒதுங்கிக் கிடக்கும் இப்பகுதியை மாணாக்கர் தேர்வுக்கு வேண்டாததென விட்டுவிடுவர். உண்மையைச் சொல்லின், ஆசிரியராகிய நாமும் விட்டுவிடுவதுண்டு. ஆயினும், ஒரு துறையை நன்கறிந்த ஒருவர் நாவலோ சிறுகதையோ படிக்குங்கால் தம் துறைபற்றி அதிலே தவறாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டு அடையும் மனவுறுத்தலுக்கு இதனிற் பொருத்தமான பெயர் வேறில்லை என்றே எண்ணுகிறேன். மருத்துவர் ஒருவர் கதையில் வரும் நோயையும், கடலோடி ஒருவர் கதையில் வரும் காற்றையும், கணக்கர் ஒருவர் கதையில் வரும் பேரேட்டையும் கண்டு முகஞ்சுளிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவ்வேளையில் அவர் கதையை மறந்து கணக்குப் பார்க்கத் தொடங்குகிறார். அது கதையாசிரியனது குற்றமா, படிப்பவரது குற்றமா என்பதே இங்கு ஆராயப் புகுந்த பொருள்.

உயர்வகுப்புகளில் ஆங்கில இலக்கியம் பயின்றோர் பலரும் வில்லியம் கோல்டிங் 1954இல் வெளியிட்ட ‘லோட் ஒவ் த பிளைஸ்’ என்னும் நாவலை அறிவர். மனிதர் இல்லாத தீவொன்றிற் சிறுவர் கூட்டமொன்று அகப்பட்டுக்கொள்கிறது. அவர்களுக்கு நெருப்பு வேண்டும். பிக்கி என்னும் தடித்த சிறுவனது மூக்குக்கண்ணாடியைப் பறித்து, அதனாற் சூரிய கதிர்களைக் குவித்து நெருப்பு மூட்டுகிறார்கள். கதையின் முதுகெலும்பே இக்கண்ணாடிதான். அதனை உடையவனிடம் நெருப்பு உண்டு. நெருப்பை உடையவனிடம் அதிகாரம் உண்டு. கண்ணாடியைத் திருடுவதும் உடைப்பதும் நாகரிகத்தைத் திருடுவதும் உடைப்பதும் ஆகின்றன. ஆனால் பிக்கிக்கு இருப்பது குறும்பார்வை. ஆசிரியரே அவ்வாறு சொல்கிறார். குறும்பார்வைக்குக் குழிவுவில்லையே அணிவிக்கப்படும். குழிவுவில்லை கதிர்களை விரிக்குமேயன்றிக் குவிக்காது. அக்கண்ணாடியைக் கொண்டு எத்துணை நேரம் வெயிலில் நின்றாலும் ஒரு சருகேனும் புகையாது. பெளதிகம் கற்கும் மாணவன் ஒருவன் முதல் வாசிப்பிலேயே இதனைக் கண்டுகொள்வான். என் வகுப்பில் ஒருவன் கண்டான். தன் கண்ணாடியைக் கழற்றி வெளியே கொண்டுசென்று சோதித்தும் காட்டினான்.

அதே நாவலில், இருள் சூழ்ந்து சிறுவர் உறங்கும் வேளையில் மெல்லிய பிறைத்துண்டொன்று அடிவானத்தில் எழுகின்றது. மாலையில் நாம் காணும் மெல்லிய பிறை மேற்கே நின்று மறைவது. கிழக்கே எழும் மெல்லிய பிறையோ விடியுமுன் எழுவது. முன்னிரவில் எழும் கீற்றுப்பிறை இவ்வுலகத்து வானில் இல்லை. கோல்டிங் பாடசாலை ஆசிரியராய் இருந்தவர். இரண்டாம் உலகப்போரிற் கடற்படையிற் பணியாற்றியவர். நிலவை அறியாதவர் அல்லர். அவர்க்கும் இவ்வழு நேர்ந்தது.

நிலவு கதையாசிரியர்களுக்கு என்றும் இடர்செய்தே வந்துள்ளது. ரைடர் ஹகார்ட் 1885இல் வெளியிட்ட ‘கிங் சொலமன்ஸ் மைன்ஸ்’ என்னும் நாவலின் முதற்பதிப்பில், ஆபிரிக்க நாட்டு மக்களை அச்சுறுத்த வெள்ளையர் மூவர் சூரிய கிரகணமொன்றைத் துணைக்கொள்கின்றனர். அக்கிரகணமோ முழுநிலாக் காய்ந்த இரவையொட்டி நிகழ்வதாக எழுதப்பட்டது. சூரிய கிரகணம் அமாவாசையில் அன்றிப் பிற நாளில் வாராது என்பது நம் வீட்டுப் பாட்டிமாரும் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லும் செய்தி. தவறு உணர்த்தப்பட்டபின் ஹகார்ட் பிந்திய பதிப்புகளிற் சூரிய கிரகணத்தைச் சந்திர கிரகணமாக மாற்றினார். மாற்றியது நன்று, எனினும், அந்நாட்டாரை வானியல் அறியாத பேதையராகக் காட்டி நகைக்கவந்த இடத்தில் நகைப்புக்கு உள்ளானவர் எழுதியவரே என்பது எனக்கு ஒருவகை நிறைவைத் தருகிறது. இதனை மறைக்க விரும்பவில்லை.

இவற்றோடு இளங்கோவடிகளை ஒப்புநோக்குதல் தகும். மதுரை எரியுண்ட நாளைச் சிலப்பதிகாரம் குறிக்குமிடத்து, ஆடித்திங்கள், தேய்பிறை, அட்டமி, கார்த்திகை நாள், வெள்ளிக்கிழமை என ஐந்து செய்திகள் தரப்படுகின்றன. கதைக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டியதில்லை. ‘ஒரு நாள்’ என்றாலும் மதுரை எரிந்திருக்கும். ஆயினும் அடிகள் துணிந்து கூறுகிறார். ஆடியிற் சூரியன் கடகத்தில் நிற்பான். தேய்பிறை அட்டமியிற் சந்திரன் அவனுக்கு முக்கால் வட்டம் முன்னே நிற்றல் வேண்டும். அஃதாவது மேடத்தை ஒட்டி. கார்த்திகை நாள் மேடத்தின் கடையிலும் இடபத்திலும் அமைந்தது. எனவே ஆடியின் பிற்பகுதியில் அட்டமியும் கார்த்திகையும் கூடுதல் வானத்துக்கு ஒத்ததே. ஆடிக்கார்த்திகை விரதம் பெரும்பாலும் தேய்பிறையில் வருவதை முருகனடியார் யாவரும் அறிவர். இக்குறிப்புகளை வைத்தே எல். டி. சுவாமிக்கண்ணுப்பிள்ளை கணித்துக் கி.பி. 756 என ஒரு காலங்கூற, அறிஞர் பலர் அதனை மறுத்து நெடிது வழக்காடினர். அவ்வழக்கு நமக்கு இங்கு வேண்டா. காப்பியப் புலவர் ஒருவர் சொன்ன நாளைக் கணிதர் ஒருவர் எடுத்து ஆராயத்தக்கதெனக் கொண்டார் என்பதே நோக்கத்தக்கது. எவரும் ஹகார்ட்டின் முதற்பதிப்பை வைத்து அவ்வாறு கணிக்கமாட்டார்.

இவ்வளவிற் கூறியது கொண்டு, பிழையற்ற நூலே நல்ல நூல் என யான் கூறுவதாகக் கருதற்க. இவ்வினாவை முதலில் எழுப்பித் தெளிவாக விடைகூறியவர் அரிஸ்டோத்தில். கவிதையியலின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் வழுக்களை அவர் இருவகையாகப் பகுக்கிறார்: கவிதைக்கலையைச் சார்ந்த வழு ஒன்று; பிறதுறை அறியாமையால் தற்செயலாக நேரும் வழு மற்றொன்று. பெண்மானுக்குக் கொம்பு இல்லை என்பதை அறியாத ஓவியனது குற்றம், மானை மானென்று தோன்றாதவாறு வரைந்தவனது குற்றத்திலுஞ் சிறிது என்பது அவர் தீர்ப்பு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வடதுருவத்தை அண்டிய குளிர்நாடுகளில் வாழும் பனிமான் இனத்திற் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. பேரறிஞர் ஒருவர் அறியாமைக்கு எடுத்துக்காட்டாகத் தந்த செய்தியே அவர் நாட்டெல்லைக்கு அப்பாற் செல்லாதாயிற்று. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்; பின்னர் இது எனக்கே எதிராகத் திரும்பும்.

அரிஸ்டோத்திலின் அளவுகோல்கொண்டு பார்ப்பின் புகழ்பெற்ற மலைவுகள் பல இலேசாக நீங்கிவிடும். யூலியஸ் சீசர் நாடகத்திற் சதிகாரர் கூடியிருக்க மணிக்கூடு அடிக்கிறது. உரோமர் காலத்தில் அடிக்கும் மணிக்கூடு இல்லை. இது காலமலைவு. ‘விண்டர்ஸ் டேல்’ நாடகத்திற் பொகீமிய நாட்டுக் கடற்கரையில் மரக்கலம் உடைகிறது. அந்நாட்டுக்கு நூறு மைலுக்குள் கடலே இல்லையெனப் பென் யோன்சன் 1618-19இல் ஸ்கொத்லாந்துப் புலவர் துரும்மண்டுடன் உரையாடுகையிற் குறைகூறினார். இது இடமலைவு. கீற்ஸ் 1816இற் சப்மனின் ஹோமர் மொழிபெயர்ப்பைப் பாடிய பாட்டில், பசுபிக் பெருங்கடலைக் கண்டு திகைத்து நின்றவனாகக் கோர்ட்டெஸ் குறிக்கப்படுகிறான். 1513இல் டேரியன் மலையினின்று அக்கடலைக் கண்டவன் பல்போவா. இவற்றை அறிந்தபின்னும் அந்நாடகங்களும் அப்பாட்டும் எனக்குச் சிறிதும் குறைந்து தோன்றவில்லை. மணி அடித்ததால் இரவின் நெருக்கம் மிகுகிறது. கண்டவன் பெயர் எதுவாயினும் கடல் அங்கே விரிகிறது. கோசலத்துக்கும் கடல் இல்லை. ஆயினும் கம்பர் பாடிய கோசலத்தில் நெய்தலும் மருதமும் முல்லையும் ஒன்றோடொன்று மயங்கிக் கிடக்கின்றன. சரயுவைப் பாடும்போது அவர் உள்ளத்தில் ஓடியது காவிரி என்பதைப் பலரும் கூறியுள்ளனர். பொகீமியாவுக்குக் கடல் கொடுத்தவரை நகைப்பவர் கோசலத்துக்கு நெய்தல் கொடுத்தவரை என்செய்வர்? நாட்டுப்படலத்தை நிலவியல் ஆசிரியரிடம் ஒப்படைத்து மதிப்பெண் இடச் சொல்வோமா?

நம் முன்னோர் இதற்கு வழிவகுத்தே வைத்திருந்தனர். தொல்காப்பியம் நாடக வழக்கென்றும் உலகியல் வழக்கென்றும் இரண்டனைச் சொல்லி, புலனெறி வழக்கில் இரண்டுக்கும் இடம்கொடுத்தது. வடமொழித் தண்டியார் மலைவுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டுகிறார். தாமரை இரவில் மலர்ந்தது, குமுதம் பகலில் விரிந்தது என்றல் அவற்றுள் ஒன்று. எடுத்துக்காட்டியபின், புலவனது திறத்தால் இவையெல்லாம் ஒரோவழிக் குற்றமெனும் எண்ணிக்கையைக் கடந்து குணத்தின்பாற் செல்லும் எனவும் கூறிவைத்தார். மன்னனது பெருமையால் அவன் சோலையில் வானுலகத்து மரங்கள் நின்றன என்னும்போது அது மலைவாகாது. படிப்பவன் அதனை நம்புமாறு வேண்டப்படவில்லை, வியக்குமாறே வேண்டப்படுகிறான். அவருக்குப் பின்வந்த இராசசேகரர் தம் காவிய மீமாஞ்சையிற் கவிசமயம் என்பதனை விரித்துரைத்தார். நூலுக்கும் உலகுக்கும் ஒவ்வாதனவாயினும் புலவர் மரபிற் பயின்று வருவன கவிசமயம் ஆகும். அன்னம் பாலையும் நீரையும் பிரிப்பதும் இவ்வகையினவே. பறவைநூல் வல்லார் இதனைக் கண்டு வருந்துவாரேல் வருத்தம் அவர்க்கே உரியது.

இராசசேகரர் கூறும் கவிசமயங்களுள் ஒன்று என் வாழ்வில் எனக்குப் பாடம் புகட்டியது. நிலவொளி இருபக்கத்துக்கும் ஒத்த அளவினதேயாயினும், புலவர் வளர்பிறைக்கே நிலவையும் தேய்பிறைக்கே இருளையும் உரிமையாக்கிப் பாடுவர் என்பது அது. இதனை வகுப்பிற் கற்பித்திருக்கிறேன். கற்பித்த எனக்கே அது புத்தியில் ஏறவில்லை என்பது பின்னரே தெரிந்தது.

பத்தாண்டுகளின் முன், கடற்கரைக் கிராமமொன்றிலிருந்து வந்து பயின்ற மாணவன் ஒருவன் வகுப்புக் கட்டுரைக்குப் பதிலாகச் சிறுகதை எழுதித் தந்தான். இரவு தொழிலுக்குப் போன தகப்பனின் தோணி விடிந்தும் கரைக்கு வரவில்லை. மகன் கரையில் நிற்கிறான். காலை எட்டு மணியாகிறது. உச்சியினின்று மேற்கே சாய்ந்த வெளிறிய அரைநிலாவை அவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான், அவ்வளவே கதை. நான் அந்த அரைநிலாவின் கீழே சிவப்பு மையாற் கோடிட்டு, ‘காலை எட்டு மணிக்கு நிலாவா? உற்று நோக்கி எழுதுக’ என்று எழுதி, ஐந்து மதிப்பெண் குறைத்தேன். அவன் ஒன்றும் பேசாது தாளை வாங்கிச் சென்றான்.

சில வாரங் கழித்து ஒருநாட் காலையிற் சைக்கிளிற் பாடசாலைக்கு வந்துகொண்டிருந்தேன். வழியில் நின்ற பனைகளுக்கு மேலே, நீல வானத்தில், நனைந்த பஞ்சுத்துண்டு போல அரைநிலா நின்றது. சைக்கிளை நிறுத்தி இறங்கினேன். முதல்நாள் தேய்பிறை அட்டமி. நள்ளிரவில் எழும் அந்நிலா நண்பகல்வரை வானில் இருந்தே ஆகவேண்டும். நாற்பதை அண்டிய வயதுவரை மாதந்தோறும் அது என் தலைக்கு மேலே நின்றிருக்கிறது. ஒருநாளேனும் யான் நிமிர்ந்து பார்த்ததில்லை. நிலவை நான் கற்றது புலவரிடம்; அவன் கற்றது வானத்திடம். ‘உற்று நோக்கி எழுதுக’ என்று எழுதியவன் யான்!

அன்றே அவனை அழைத்து, “தம்பி, நீ எழுதியதே சரி, பிழை என்னுடையது” என்றேன். அவன் சிரித்து, “பரவாயில்லை, ஐயா” என்றான். மதிப்பெண்ணையும் திருத்தினேன். ஆனால் அதன்பின் அவன் கதை எதுவும் எழுதித் தரவில்லை. அடுத்த ஆண்டு குடும்பத்தோடு வேறூர் சென்றான். அவன் இப்போது எழுதுகிறானோ அறியேன்.

ஆகவே, அறிந்தவனது சினம் யாவும் அறிவின் சினம் அன்று. அறிந்ததாக நினைத்துக்கொள்ளும் செருக்கும் அதிற் கலந்திருக்கும். கணிப்பொறிக்கு முன்னோடியாகிய சாள்ஸ் பாபேஜ், தெனிசன் 1842இல் வெளியிட்ட பாட்டொன்றைப் படித்துவிட்டு, நிமிடந்தோறும் ஒருவன் இறக்க ஒருவன் பிறப்பானாயின் உலக மக்கட்டொகை ஏறாதுநின்றுவிடும், ஆதலின் பிறப்பவன் ஒன்றும் பதினாறிலொன்றும் எனத் திருத்துதல் வேண்டும் என அவருக்கு எழுதிய கதை பரவலாக வழங்குவது. பாபேஜ் நகைச்சுவையாகவே எழுதியிருத்தல் கூடும். ஆயினும் தெனிசன் பின்னைய பதிப்புகளில் ‘நிமிடம்’ என்பதைக் ‘கணம்’ என மாற்றினார். கணத்துக்கு அளவில்லை, கணிதர் வாயும் அடைபட்டது. நம் காலத்தில், 1997இல் வெளிவந்த ‘டைட்டானிக்’ திரைப்படத்தில் கப்பல் மூழ்கும் இரவின் வானத்திற் காட்டப்பட்ட விண்மீன்கள் அவ்விரவுக்கு உரியன அல்லவென வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் விடாது குறைகூறினார். இயக்குநர் ஜேம்ஸ் கமரன் 2012இல் அப்படத்தை மீள வெளியிட்டபோது விண்மீன்களைத் திருத்தியமைத்தார். நீரில் நடுங்கிக்கொண்டு கிடக்கும் பெண்ணைப் பாராமல் அவள் தலைக்குமேல் நின்ற மீன்களை எண்ணியவரை நாம் நகைக்கலாம். ஆனால் அவர் தரப்பிலும் நியாயம் உண்டு. அப்படம் கப்பலின் தட்டுமுட்டுப் பொருள்வரை உண்மையிற் பிசகாது அமைத்தோம் என்ற பெருமையோடு வந்தது. எல்லாம் மெய் என்று சொன்னவனிடமே மெய்யை எதிர்பார்க்கிறோம். ஹாம்லட்டின் தந்தையது ஆவியை எவரும் பெளதிகம் கேட்பதில்லை.

இவ்விடத்திலேதான் அரிஸ்டோத்திலின் பாகுபாடு எனக்குப் போதாததாகத் தோன்றுகிறது. கலைவழு, பிறதுறைவழு எனப் பிரிப்பது எளிது. ஆனால் பிறதுறை அறிவையே தன் கலையாகக் கொண்ட நூலை என்செய்வது? ஆர்தர் கொனன் டொயில் எழுதிய ஷெர்லொக் ஹோம்ஸ் கதைகள் அத்தகையன. அவற்றில் நாம் வியப்பது ஹோம்ஸின் அறிவை. சாம்பலைப் பார்த்துச் சுருட்டின் வகையையும், சேற்றைப் பார்த்து ஊரின் பெயரையும் சொல்பவன் அவன். 1892இல் வெளிவந்த ‘ஸ்பெக்கிள்ட் பாண்ட்’ என்னும் புகழ்பெற்ற கதையிற் கொலைக்கருவி ஒரு பாம்பு. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அதனை மருத்துவன் ஒருவன் பால் வார்த்து வளர்க்கிறான். சீழ்க்கையடித்துத் திரும்ப அழைக்கிறான். அது கடித்தவன் பத்து வினாடிக்குள் இறக்கிறான். பார்த்த மாத்திரத்தே ஹோம்ஸ் அதனை இந்தியாவின் மிகக் கொடிய சதுப்புநில விரியன் என்று பெயர்சொல்லி உரைக்கிறான். அப்பெயருடைய பாம்பு இந்தியாவில் இல்லை. பால் பாம்பின் இயற்கை உணவன்று. சீழ்க்கையின் உயர்ந்த ஒலி அதற்குப் புலனாவது அரிது. பத்து வினாடியிற் கொல்லும் பாம்பு யாண்டும் இல்லை.

புற்றுக்குப் பால் வார்க்கும் மரபினராகிய நாம் இதனை நகைக்கலாமா எனச் சிலர் வினவக்கூடும். நகைக்கலாம். நம் பாட்டி புற்றுக்குப் பால் வார்த்தது வழிபாடு. அவர் அதனை விலங்கியல் என்று சொல்லவில்லை. ஹோம்ஸ் சொல்கிறான். அறிவால் துப்பறிபவன் அறியாமையால் துப்பறிந்து வெற்றிபெறுவது பெண்மானின் கொம்பைப் போன்ற புறவழு அன்று. அக்கதையின் உயிர்நிலையிலேயே தைத்த முள். இவ்வகையில் நோக்கின் கோல்டிங்கின் கண்ணாடியும் சிறு வழு அன்று. ஆயினும் அவர் நாவல் தப்பிவிடுகிறது. அங்கே நாம் படிப்பது ஒளியியல் அன்று, அச்சம். நெருப்பு எவ்வாறு வந்தது என்பதிலும் அதனை வைத்துக்கொண்டு பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதே நம்மை ஈர்க்கிறது. வழு ஒன்றாயினும் அதனைத் தாங்கும் நூலின் வலிமை வேறு.

இவற்றினும் கொடியதொரு வகை உண்டு. அதனைத் தண்டியார் எண்ணவில்லை. அதே டொயில் 1890இல் வெளியிட்ட ‘சைன் ஒவ் ஃபோர்’ என்னும் நாவலில், ஆக்ராக் கோட்டையிற் காவல்புரியும் சீக்கியர் எனக் காட்டப்படுவோரின் பெயர்கள் மகமத் சிங், அப்துல்லா கான் என்பன. இந்தியாவின் எந்தக் கிராமத்துச் சிறுவனும் இப்பெயர்களைக் கேட்ட அளவிலேயே வியப்பான். எழுதியவர்க்கு அவ்வேறுபாடு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. அதே நாவலில் அந்தமான் தீவினன் ஒருவன் வருகிறான். ஹோம்ஸ் புதிதாக வெளிவந்த நிலநூல் அகராதி ஒன்றை எடுத்துப் படிக்க, அம்மக்கள் கொடூரர் என்றும் நரமாமிசம் உண்பவர் என்றும் அது சான்று பகர்கிறது. அந்தமானில் நெடுங்காலம் பணியாற்றி அம்மக்களின் மொழியையும் வழக்கங்களையும் ஆராய்ந்த ஈ. எச். மான் அப்பழியை 1880களிலேயே மறுத்திருந்தார். மார்க்கோ போலோ காலந்தொட்டு வழங்கிய பொய் அது. ஆனால் மானின் ஆராய்ச்சியைப் படித்தவர் சிலர். ஹோம்ஸைப் படித்தவர் உலகெங்கும் உள்ளனர். பாம்பின் மேற் சொன்ன பொய்யாற் பாம்புக்கு இழுக்கில்லை. ஒரு மக்கட்கூட்டத்தின் மேற் சொன்ன பொய், அதுவும் நிலநூல் என்னும் போர்வையிற் சொன்ன பொய், அக்கூட்டத்தாரை எதிர்ப்படும் ஒவ்வொருவன் கண்ணிலும் ஏறி நிற்கும். கீற்ஸை மன்னித்த மனத்தோடு இதனை மன்னிக்க என்னால் இயலவில்லை. கதைதானே என்பார்க்கு, அந்தமானியர் அக்கதையைப் படித்துவிட்டு அவ்வாறு சொல்வாராயின் ஏற்றுக்கொள்கிறேன் என்பதே என் மறுமொழி.

இறுதியாக, நம் மாணவரிடையே நிகழ்ந்ததொன்று. சென்ற தவணைச் சிறுகதைப் போட்டிக்கு வந்த தாள்களைத் திருத்தும் பணி எனக்கு வாய்த்தது. ஒரு கதை 1344இல் நிகழ்வது. மொரோக்கோ நாட்டுப் பயணியாகிய இபுனு பதூதா அவ்வாண்டு இலங்கைக்கு வந்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டதும், அரசன் அவருக்கு முத்துக்களைக் காட்டி அளவளாவியதும், சிவனொளிபாத மலைக்குச் செல்ல உதவியதும் அவர் பயணநூலில் உள்ளவை. அவற்றை வைத்து மாணவன் விருந்தொன்றைப் புனைந்திருந்தான். மிளகாய் அரைத்துச் சேர்த்த மீன்குழம்பை உண்ட விருந்தாளி உறைப்புத் தாங்காது கண்ணீர் வடித்துத் தண்ணீர் கேட்கிறார், அரசன் சிரிக்கிறான், அச்சிரிப்பில் மொழி அறியாத இருவரும் நண்பராகின்றனர். நன்றாகவே எழுதியிருந்தான். ஆனால் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பசு 1492இற் கடல்கடந்தபின், போர்த்துக்கேயர் வாயிலாகவே இப்பக்கம் வந்தது. போர்த்துக்கேயர் இலங்கையில் இறங்கியது 1505இல். மிளகு என்னும் பழம்பெயரை ஒட்டி மிளகாய் எனப் பெயரிட்டுக்கொண்டதே அது பின்வந்த விருந்தாளி என்பதற்குச் சான்று. அரபு மொழியிற் பேசுவோரும் பாரசீகம் அறிந்த அரசனும் மொழியின்றி இருந்தனர் என்பதும் பொருந்தாது; அரசன் பாரசீகம் விளங்கிக்கொண்டதைப் பயணியே எழுதியுள்ளார்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன்; பனைமேல் நின்ற நிலா நினைவுக்கு வந்தது. பேனாவை வைத்துவிட்டு, நூல்களை மறுமுறை புரட்டி உறுதிசெய்துகொண்டபின், மாணவனை அழைத்துச் செய்தியைச் சொன்னேன். அவன் முகம் வாடியது. “மிளகாயை எடுத்தால் கதையே இல்லை, ஐயா. மிளகுக்கு அவர் அழமாட்டாரே” என்றான். அழமாட்டார்தான். அவர் மலையாளக் கரைவழியே வந்தவர். கள்ளிக்கோட்டையில் மிளகைத் தம் நாட்டுத் தானியத்தைப் போலக் கொட்டி அளப்பதைக் கண்டதாக எழுதியவர். பயணநூலின் அப்பகுதியை அவனிடம் கொடுத்து, ஒருவாரம் தவணையும் கொடுத்தேன்.

திரும்பக் கொண்டுவந்த கதையில், அரசனும் ஏவலரும் புதியவர் உறைப்புத் தாங்காமற் கலங்குவார் என்று காத்திருக்கின்றனர். அவர் மிளகுக் குழம்பை அமைதியாக உண்டு முடித்து, இன்னும் சிறிது வார்க்குமாறு பாரசீகத்திற் கேட்கிறார். ஏவலர் விழிக்க, அரசன் ஒருவனே அச்சொல்லை விளங்கிக்கொண்டு தானே அகப்பையை எடுக்கிறான். அக்கதை இம்மலரின் மாணவர் பகுதியில் வெளிவருகிறது.